ஆர்மீனியப் பண்டிதர் மல்லசமுத்திரம் சென்றாயன்

சேலம் ஜில்லாவில் பிறந்த பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதி முடித்தாகிவிட்டது. மிட்டாதார்களுக்கு ஆயிற்று. வக்கீல்களுக்கு ஆயிற்று. முனிசிபாலிட்டித் தேர்தலில் நின்று தோற்றவர்களுக்குக்கூட அவரவர் மருமகன் செலவில் ஆயிற்று. வண்டிக்காரர் சென்றாயனுக்கு மட்டும் யாரும் எழுதவில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன். உனக்கென்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செவ்வாய்ப்பேட்டைச் செந்தமிழ்ச் சொல்லாய்வுக் கழகத்துக்கு நான் காரியதரிசியாக இருந்தவன். அதாவது பெஞ்சைத் துடைத்து, தண்ணீர்ப் பானையை நிரப்பி, கூட்டம் முடிந்ததும் டம்ளர் காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டவன். அந்தக் கழகத்தில்தான் சென்றாயன் சில காலம் ஆர்மீனிய மொழிப் பண்டிதராக விளங்கினார். ஜில்லாவில் அந்தப் பதவிக்கு வேறு போட்டி இல்லை.

சென்றாயன் மல்லசமுத்திரத்துக்காரர். மானாவாரி நிலம் கொஞ்சம், மழை அதைவிடக் கொஞ்சம். கிணறு வற்றிப்போன வருஷம் ஒரு வண்டி, ஒரு காளை, சின்னாயி என்ற மனைவி, இந்தச் சொத்தோடு சேலத்துக்கு வந்து சேர்ந்தார். இந்த மூன்றில் வண்டி ஒன்றுதான் தன் பேச்சைக் கேட்கும் என்று அவரே சொல்வதுண்டு. ஏற்காட்டு மலையடிவாரத்திலிருந்து காப்பிக்கொட்டை மூட்டைகளைச் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு ஏற்றி வரும் வேலை கிடைத்தது. அந்த மூட்டைகளுக்குச் சொந்தக்காரர் அரத்தூன் துரை.

அரத்தூன் இங்கிலீஷ்காரர் இல்லை. ஆனால் தொப்பி போட்டவர் யாராக இருந்தாலும் சேலத்தில் துரைதான். அவர் ஆர்மீனியர். பாரசீக தேசத்தில் ஜுல்பா என்ற ஊரில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே படிப்புக்காகக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டு, அப்புறம் சென்னையில் வியாபாரம் பார்த்துவிட்டு, வயதான காலத்தில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்கலாம் என்று வந்தவர். மலைக்குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அடிவாரத்திலேயே ஒரு ஓட்டு பங்களாவில் தங்கி, மேலே விளைந்ததைக் கீழே நின்று வாங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. சென்னையில் ஆர்மீனியர்கள் இருந்த தெருவை ஜனங்கள் அரண்மனைக்காரத் தெரு என்று அழைத்து வந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட சென்றாயன், நம்ம துரை அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்ட ஏதோ ஒரு ராஜா என்று கடைசிவரைக்கும் நம்பினார்.

ராஜாவுக்கு ஒரு குறை இருந்தது. பாங்கியில் பேச இங்கிலீஷ் இருந்தது, கூலிக்காரர்களிடம் பேச மதராஸ் தமிழ் இருந்தது, ஆனால் சொந்த மொழியில் பேசினால் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. தானே பேசித் தானே பதில் சொல்லிக்கொண்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். யோசித்துப் பார்த்துவிட்டுச் சென்றாயனைப் பதில் சொல்லும் ஆளாகப் பழக்கினார். வண்டி வாசலில் வந்து நின்றதும் துரை "பரேவ்" என்பார். சென்றாயனும் "பரேவ்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அது என்ன என்று கேட்டதற்கு, அது அவர்கள் வணக்கம் என்றும், நல்லது என்ற சொல்லும் சூரியன் என்ற சொல்லும் சேர்ந்து வந்ததாகச் சிலர் சொல்வார்கள் என்றும் துரை விளக்கினார்.

"ஏனுங்க தொரை, உங்கூர்ல வெயிலே அடிக்காதுங்களா?" என்று கேட்டார் சென்றாயன். சேலத்துச் சித்திரை மாதத்தில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து 'நல்ல வெயில்' என்று வாழ்த்துவதை நினைத்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இப்படியே ரொட்டிக்கு ஹாட்ஸ், தண்ணீருக்கு ஜூர், வீட்டுக்கு டுன், காப்பிக்கு சூர்ச் என்று ஒரு கைப்பிடி சொற்கள் வண்டிக்காரரிடம் வந்து சேர்ந்தன. சூர்ச் என்பது கறுப்புத் தண்ணீர் என்ற பொருளில் வந்தது என்று ஒரு கதை உண்டாம். அது நிஜமா என்று கேட்டால், "தெரியாதுப்பா" என்பார் துரை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால்தான் எங்கள் கழகத்தில் அவரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இன்னொரு சொல் உண்டு. அதைச் சொல் என்பதைவிட அவர் மூச்சு என்று சொல்லலாம். த்ஸாவ்த் தானெம். த்ஸாவ் என்றால் வலி. தானெம் என்றால் நான் கொண்டுபோகிறேன். உன் வலியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முழுப்பொருள். நாம் 'கண்ணு' என்றும் 'சாமி' என்றும் சொல்லும் இடத்தில் அவர்கள் இதைச் சொல்வார்களாம். கல்கத்தாவுக்கு அனுப்பும்போது அவருடைய அம்மா வாசலில் நின்று கடைசியாகச் சொன்னதும் இதுதான். துரை இதைத் தபால்காரனுக்குச் சொல்வார், தடுக்கி விழுந்த கூலிக்காரிக்குச் சொல்வார், நுகத்தடி உராய்ந்து கழுத்து புண்ணான காளைக்கும் சொல்வார். சென்றாயன் இதை அவ்வளவாக மதிக்கவில்லை. வலியை எடுத்துக்கொள்வதை விடக் கொஞ்சம் கூலியை ஏற்றிக் கொடுக்கலாமே என்பது அவர் கட்சி.

சென்றாயனுக்குப் புகழ் வந்தது காளையால்தான். போகலாம் என்பதற்கு ஆர்மீனியத்தில் 'க்னாங்க்' என்று சொல்ல வேண்டும். துரை வண்டியில் ஏறியதும் இதைச் சொல்லிச் சொல்லி, காளை அதற்கே நகரப் பழகிவிட்டது. ஒருநாள் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மூட்டை இறக்கிவிட்டுச் சென்றாயன் "க்னாங்க்!" என்று அதட்ட, காளை நகர்ந்தது. பக்கத்தில் குடையோடு நின்றிருந்த எங்கள் கழகத் தலைவர் வெள்ளியங்கிரி வாத்தியார் நகரவில்லை. வண்டியை மறித்து, அது என்ன மொழி, என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு நடுச்சந்தில் நின்றபடியே, "போறமுங்க, வாரமுங்க, இருக்கறமுங்க, க்னாங்க்!" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. கொங்கு நாட்டின் 'ங்க' ஆர்மீனியா வரைக்கும் நடந்து போயிருக்கிறது! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே 'ஆர்மீனியாவில் கொங்குத் தமிழர் குடியேற்றம்' என்று சொற்பொழிவு ஏற்பாடாயிற்று.

கழகம் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கீழே வற்றல் மூட்டையைப் புரட்டினால் மேலே சபை முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் வாத்தியாரின் தமிழ்ப்பற்று சபையை உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தச் சபையில் சென்றாயனை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட, வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் வேர் கண்டுபிடித்தார். தண்ணீர் சுரக்கிறது, ஆகவே ஜூர். மக்கள் துன்னி, அதாவது நெருங்கி, வாழ்வது வீடு, ஆகவே டுன். குடித்தால் சுறுசுறுப்பு வருகிறது, ஆகவே சூர்ச். சபையில் பலத்த கைதட்டலும் தும்மலும் எழுந்தன.

இதில் ஒரு வேடிக்கை. கிச்சிலிப்பழ வகைக்கு ஆர்மீனியத்தில் நாரிஞ்ச் என்று பெயர். இந்தச் சொல் பாரசீகத்திலிருந்து தங்களுக்கு வந்தது, அவர்களுக்கு வடமொழி வழியாக உங்கள் தெற்கிலிருந்து, நாரத்தை என்கிறீர்களே அதிலிருந்து, வந்திருக்கலாம் என்று துரை சென்றாயனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரில் கிடைத்த அத்தனை வேர்களிலும் மண் ஒட்டிய வேர் அது ஒன்றுதான். வாத்தியார் காதில் போட்டதும் முகம் சுளித்தார். "நடுவில் வடமொழி நுழைந்துவிட்டது. தீட்டுப்பட்ட சொல். விட்டுவிடுக" என்றார். விட்டுவிட்டோம்.

துரை கொடுத்த சொற்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது: சொல் கொண்டுவருகிறவருக்கு வாழைக்காய் பஜ்ஜியும் காப்பியும் உண்டு, கொண்டுவராதவருக்குத் தண்ணீர் உண்டு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடித்துப் பார்த்த சென்றாயன், மூன்றாவது ஞாயிறு நிலாவுக்கு ஆர்மீனியத்தில் பாலூக் என்று பெயர் என்றார். பால் போன்ற ஒளி என்று வாத்தியார் உடனே வேர் கண்டார். அதற்கடுத்த வாரம் கலப்பைக்கு உழாஷ். உழுவது என்று வேர் கிடைத்தது. சென்றாயன் செய்துகொண்டுவந்த சொற்களுக்கெல்லாம் தமிழில் வேர் இருந்தது. இருக்காதா பின்னே? துரையின் சொற்களுக்கு வேர் தேட வாத்தியார் கஷ்டப்பட வேண்டியிருந்தது. சென்றாயனின் சொற்களோ கையை வைத்ததும் பிடுங்கிக்கொண்டு வந்தன. "இவைதாம் பழஞ்சொற்கள். துரைக்கே மறந்துபோயிருக்கும்" என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். எனக்கு விஷயம் தெரியும். பஜ்ஜி எனக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பெருமையிலெல்லாம் சின்னாயிக்குப் பங்கு இல்லை. அவள் பங்களாவில் கூட்டிப் பெருக்கி, காப்பிக்கொட்டை வறுத்து அரைப்பவள். புருஷன் மாலையோடு வீட்டுக்கு வந்தால் அதைப் பிரித்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, "மாடு தண்ணி காட்டாம நிக்குதுங்க" என்பாள். உழைப்பில் அவளுக்கு யாரும் ஈடில்லை. பேச்சும் கணக்குத்தான்.

அந்த வருஷம் அறுவடைக்கு மூட்டை கட்ட மலைப்பக்கம் போய்வந்தவள் காய்ச்சலில் விழுந்தாள். மலைக்காய்ச்சல். நடுங்கும் நடுக்கத்தில் கயிற்றுக் கட்டில் சத்தம் போடும். சென்றாயன் ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார், துரை கொய்னா மாத்திரை கொண்டுவந்தார். மாத்திரையை அவள் கையில் வைத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வழக்கம்போல "த்ஸாவ்த் தானெம், அம்மா" என்றார்.

"தொரை என்னங்க சொல்றாரு?" என்று நடுக்கத்தோடு கேட்டாள் சின்னாயி.

"உன்ற நோவை அவரு எடுத்துக்கிட்டுப் போறாராமா" என்றார் பண்டிதர். வாழ்நாளில் அவர் செய்த மொழிபெயர்ப்புகளில் பிழையில்லாதவை இரண்டுதான். இது முதலாவது.

சின்னாயி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, அப்படியெல்லாம் சொல்லலாமுங்களா? வேண்டான்னு சொல்லுங்க!" என்றாள். துரை அதற்குள் போய்விட்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் நோய் என்பது கரைந்து காணாமல் போகிற வஸ்து இல்லை. அது இடம் மாறும், அவ்வளவுதான். உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் எடுத்து நோயாளியின் தலையைச் சுற்றி முச்சந்தியில் கழிப்புப் போட்டால், அதை முதலில் மிதித்தவன் வீட்டுக்கு நோய் குடிபோய்விடும். ஆகையால் சேலத்தில் விவரம் தெரிந்தவர்கள் முச்சந்தி வந்தால் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். எல்.எம்.பி. படித்த டாக்டரும் அப்படித்தான் நடப்பார், நானே பார்த்திருக்கிறேன். தெரியாமல் மிதித்தவர்கள் உண்டு. தெரிந்தே, நான் மிதிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்து மிதித்த மனிதரைச் சின்னாயி அதுவரை பார்த்ததில்லை.

காய்ச்சல் விட்டது. கொய்னாவால் விட்டது என்று டாக்டர் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மாதம் திரும்பவில்லை, துரை நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தார். வயதானவர், ஏற்கெனவே நெஞ்சு சரியில்லாதவர் என்று ஊரே சொல்லிற்று. சின்னாயி மட்டும் வேறு கணக்குப் போட்டாள். அந்தக் கட்டிலில் அவர் நடுங்குவது தன் நடுக்கம். அவர் போய்விட்டால் போனது தன்னால். அவருக்கு முன்னால் தான் போக வேண்டும், இல்லையென்றால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் மூன்றாவது வழி அவளுக்குத் தெரியவில்லை.

வார்த்தையால் போனது வார்த்தையால்தானே திரும்பும்? அவர் மொழியில் சொல்லி எடுத்துக்கொண்டதை, அவர் மொழியிலேயே திருப்பிக் கேட்க வேண்டும். அதற்கென்றே ஊரில் ஒரு கழகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னாயி மிளகாய் மண்டியின் மரப்படி ஏறி வந்தாள். கழகம் ஆரம்பித்ததிலிருந்து மாடிக்கு வந்த முதல் பெண்பிள்ளை அவள்தான். சபை பஜ்ஜியைக் கீழே வைத்தது.

"அமர்க, அம்மையே" என்றார் வாத்தியார்.

அவள் உட்காரவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, எடுத்துக்கிட்டதைத் திருப்பிக் குடுங்கன்னு தொரை பாசையில எப்படிங்க சொல்றது?" என்று கேட்டாள்.

"எதனை எடுத்துக்கொண்டார்?"

"என்ற காச்சலைங்க." நடந்ததையெல்லாம் சொன்னாள். துரை சொன்ன வார்த்தையையும் அவர் சொன்ன மாதிரியே சொன்னாள்.

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "த்ஸாவ்! சென்றாயனாரே, இத்தகைய முத்தை இத்தனை நாள் மறைத்துவிட்டீரே! த்ஸாவ் என்பது நம் சாவு அன்றோ! ஐயமே இல்லை!" என்று கூவினார்.

சின்னாயியின் முகத்தில் ரத்தம் இல்லை. "சாவுங்களா? அப்ப அவரு எடுத்துக்கிட்டது என்ற சாவையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "வலி என்றுதான் அர்த்தம், அம்மிணி. துரையே சென்றாயனிடம் சொல்லியிருக்கிறார். இவர் உளறுகிறார்" என்று குறுக்கே விழுந்தேன். காரியதரிசி தலைவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தை அல்லதான். ஆனால் எதிரே ஒரு பொம்பிளை நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது வேர் பிடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. வாத்தியார் அதற்குள் சொல்லைக் குறித்துக்கொண்டுவிட்டார். குறித்ததை அழிக்கும் வழக்கம் கழகத்தில் இல்லை.

சின்னாயி புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத சொல்லா? என்ன சொல்லோணும்?"

சென்றாயன் வாயைத் திறந்தார். ஒரு சொல் உருவாகி உதட்டுக்கு வருவதை நான் பார்த்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே முகபாவம். வாயை மூடிக்கொண்டார். "இதுக்கு என்றகிட்டச் சொல்லு இல்ல புள்ள" என்றார். அப்புறம் சபையைப் பார்த்து, "மத்ததுலயும் பாதிக்கு மேல நான் பண்ணுனதுதானுங்க. பாலூக், உழாஷ் எல்லாமே" என்றார்.

"அடக்கம்! புலமைக்கு அழகு அடக்கம்!" என்றார் வாத்தியார்.

"அத்தனை பண்ணத் தெரிஞ்சுது. எனக்குன்னு ஒண்ணு இல்லாமப் போச்சு" என்றாள் சின்னாயி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். இறங்கும் வழியில் மண்டியில் பிரித்துவைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு கை மிளகாய் வற்றலை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். மண்டிக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சென்றாயன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவள் பின்னால் ஓடினார். நானும் ஓடி அவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டேன். பெஞ்சுகளை வாத்தியாரே துடைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. வழியில் முச்சந்தி வந்ததும் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டாள்.

பங்களாவில் துரை ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். சின்னப் பையன் மாதிரி இருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சின்னாயி சமையற்கட்டிலிருந்து உப்பு எடுத்துவந்து மிளகாயோடும் மண்ணோடும் இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்து, அவர் தலையை வலமும் இடமும் சுற்றினாள். அதுவரைக்கும் எல்லாம் ஊர் வழக்கம்தான். அதற்கப்புறம் அதைத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் கொண்டுபோகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் கொட்டினாள். செருப்பில்லாத காலை அதன்மேல் வைத்து அழுந்த மிதித்தாள்.

சென்றாயன் "புள்ள!" என்று கத்திக்கொண்டு கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டாள். மிதித்த இடத்திலேயே நின்றுகொண்டு குனிந்து, துரையின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினாள். விரல்கள் நெறிந்தன.

"த்ஸாவ்த் தானெம், சாமி" என்றாள்.

திருப்பிக் கேட்க அவளுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றையே எடுத்துக்கொண்டாள்.

துரை கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்து அவர் மொழியில் ஏதோ பேச ஆரம்பித்தார். நீளமாக, நிறுத்தாமல், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. ஊரிலேயே பெரிய ஆர்மீனியப் பண்டிதர் பக்கத்தில் நின்றும் ஒரு வரி விளங்கவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மாய்ரிக், மாய்ரிக்.

"அம்மாங்கறாருங்க" என்றார் சென்றாயன். பிழையில்லாத மொழிபெயர்ப்பு இரண்டாவது.

கொஞ்சம் பொறுத்து துரை தமிழுக்கு வந்தார். "இதை எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அம்மா. எனக்கு யாரும் சொல்லலை. கப்பலேறின நாளிலேருந்து" என்றார். அவருடைய கண் ஓரம் நனைந்திருந்தது. பிறகு தரையில் கிடந்த மிளகாயையும் அவள் காலையும் பார்த்தார். அவருக்குச் சேலம் வழக்கமெல்லாம் தெரியும். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "காலை எடு. நாங்க வியாபாரி ஜாதி. வாங்கின சரக்கைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்ககிட்டக் கிடையாது" என்றார்.

"குடுத்துத்தான் ஆகோணுங்க" என்றாள் சின்னாயி. காலை எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், ஒரு காலை வேளையில், துரை இறந்துபோனார். கிறிஸ்தவக் கல்லறையில் ஒரு போதகர் தமிழில் ஜெபம் செய்து அடக்கம் பண்ணினார். அந்த மொழியில் ஒருவராவது பேசாவிட்டால் எப்படி என்று வெள்ளியங்கிரி வாத்தியார் முன்வந்து, ஆர்மீனிய மொழியில் இரங்கலுரை ஆற்றினார். பாலூக் வந்தது, உழாஷ் வந்தது, சாவு வந்தது. கொங்கு நாட்டு 'ங்க' வாக்கியத்துக்கு ஒருமுறை வந்தது. குழிக்குள் இருந்தவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விளங்கியது. சென்றாயன் எழுந்து, "அதெல்லாம் நாங் கட்டிவுட்டதுங்க, அவருகிட்டப் போயி அதைச் சொல்லாதீங்க" என்று அழுதார். துக்கத்தில் அறிவு தடுமாறிவிட்டது என்று வாத்தியார் அனுதாபப்பட்டார். அத்தோடு சென்றாயனின் இலக்கிய வாழ்க்கை முடிந்தது. உண்மை பேசத் தொடங்கியவரைக் கழகத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இடத்துக்கு ஒரு ரிட்டையர்டு தாசில்தாரைப் போட்டார்கள். அவருக்குச் சுமேரிய மொழி தெரியுமாம்.

சென்றாயன் பழையபடி வண்டிக்காரரானார். மண்டிச் சரக்கு ஏற்றினார், யுத்தம் வந்ததும் அரிசி மூட்டை ஏற்றினார். காளைக்குச் சொல்லும் ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு ஆர்மீனியம் அவர் வாயில் வரவில்லை. யாராவது பஜ்ஜி வாங்கித் தந்து நிலாவுக்கு என்ன என்று கேட்டால், "நிலாதானுங்க" என்பார். நானும் கழகத்தை விட்டுவிட்டேன். அவர்களே டம்ளர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சின்னாயி காய்ச்சலுக்காகக் காத்திருந்தாள். இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தாள். மழைக்காலம் வந்தது, அறுவடை வந்தது, மலைப்பக்கம் வேலைக்குப் போனவர்கள் வரிசையாகப் படுத்தார்கள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஊரெல்லாம் அம்மை போட்ட வருஷத்திலும் அவளைத் தொடவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை, கோபம்தான். "ஏமாத்திப்போட்டாருங்க. குடுக்கவே இல்லை. இறுக்கிப் புடிச்சுக்கிட்டே போயிட்டாரு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். நெஞ்சுச் சளியும் மலைக்காய்ச்சலும் வேறு வேறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் செவ்வாய்ப்பேட்டையில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, நடை மட்டும் அதே நடை. மண்டி வாசலில் மூட்டை தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு கிழவனுக்கு நெட்டி முறித்து, "த்ஸாவ்த் தானெம், சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் அச்சாகத் துரையுடையது. சேலம் ஜில்லாவில் ஆர்மீனியம் பேசும் ஒரே ஜீவன் இன்று அவள்தான். காளையும் செத்துப்போய்விட்டது.

பழைய கழக புத்தி போகவில்லை, பாருங்கள். "அம்மிணி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்?" என்றேன்.

"அவருகிட்ட இருந்து எனக்கு வந்துதுங்க" என்றாள். வாத்தியார் வாழ்நாளெல்லாம் கண்டுபிடித்த வேர்களில் ஒன்றாவது இவ்வளவு நேராக இருந்ததா என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். அப்போதுதான் அவள் என் காலைக் கவனித்தாள். எனக்குக் கொஞ்ச காலமாக முட்டிவலி. படி ஏற முடியாது, நொண்டித்தான் நடப்பேன்.

"என்னங்க, காலு நோவுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

உப்புக்கும் மிளகாய்க்கும் பயந்து தரையைப் பார்த்து நடந்த டாக்டரைப் பார்த்துச் சிரித்தவன் நான். கழகத்தைப் பார்த்துச் சிரித்தேன், சென்றாயனைப் பார்த்துச் சிரித்தேன், இவள் கணக்கைக் கேட்டும் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கை மேலே வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"இல்லை அம்மிணி, வலியே இல்லை. செருப்பு கடிக்கிறது, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகையால் சந்து திரும்பும் வரைக்கும் நொண்டாமல் நடந்து போனேன்.